அன்று திரையில் என்ன ஓடியது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் சர்வர் லாக்குகளைப் பற்றி ஒரு பதிலில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களில் ஒருவர் டெர்மினலில், அதாவது கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் திரையில், செய்வதை அப்படியே பதிவு செய்து வைப்பது எப்படி, அது தேவைதானா? மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்தத் தடவை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் சர்வரில் எட்டுப் பேர் ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கில்) வேலை செய்கிறோம் சார். பாஷ் ஹிஸ்டரியில்தான் எல்லாக் கட்டளையும் இருக்கிறதே, அப்புறம் எதற்குத் தனியாக ஒரு பதிவு?

ஹிஸ்டரி, அடித்த கட்டளையைத் திரும்ப அடிக்காமல் இருப்பதற்காக வந்த வசதி. அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் நிற்காது. சாதாரணமாக ஷெல்லை, அதாவது நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலை, விட்டு வெளியேறும்போதுதான் பாஷ் அதைக் கோப்பில் எழுதும். அதற்கு முன்னால் அந்த ஷெல்லுக்கே கில் மைனஸ் 9 (நிரலை அந்த நொடியே நிறுத்தும் கட்டளை) போட்டுவிட்டால் அன்று அடித்தது எதுவும் மிஞ்சாது. இக்னோர்ஸ்பேஸ் அமைப்பு இருக்கும் இடத்தில் கட்டளைக்கு முன்னால் ஒரு இடைவெளி விட்டாலே போதும், அந்த வரி ஏறாது. ஹிஸ்டரிக் கோப்பின் பெயரை வைத்திருக்கும் ஹிஸ்ட்ஃபைல் வேரியபிளை அன்செட் செய்தால் ஒன்றுமே ஏறாது. எட்டுப் பேரும் ஒரே ரூட் கணக்கில் இருந்தால் எட்டுப் பேர் வேலையும் ஒரே கோப்பில் கலந்து கிடக்கும், ஹிஸ்ட்டைம்ஃபார்மேட் வைக்காமல் விட்டிருந்தால் எப்போது அடித்தது என்றுகூடத் தெரியாது. விம் எடிட்டருக்குள் இருந்தபடி ஆச்சரியக்குறி போட்டு ஓட்டிய கட்டளை அதில் கிடையாது. டேட்டாபேஸ் ப்ராம்ப்ட்டில் அடித்த டெலீட்டும் கிடையாது.

ஏமாற்றுகிறவர்களை விடுங்கள். நேர்மையாக வேலை செய்கிறவருக்கே ஹிஸ்டரி எப்படிக் கைகொடுக்காமல் போகும் என்று நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு நாள் டேட்டாபேஸ் நின்றுபோனது. உள்ளே போய்ப் பார்த்தால் டேட்டா கோப்புகளே இல்லை. டேட்டாபேஸ் கணக்கின் ஹிஸ்டரியில் கடைசியாக இரண்டு வரிகள்: ஒரு சிடி (டைரக்டரி மாறும் கட்டளை), பக்கத்தில் டாலர் குறியுடன் ஒரு வேரியபிள் பெயர், அடுத்த வரியில் ஆர்எம் (அழிக்கும் கட்டளை), எல்லாக் கோப்பும் என்று பொருள்படும் ஒரு நட்சத்திரம். அன்று பணியில் இருந்த தம்பி, "பழைய லாக் டைரக்டரிக்குள் போய்த்தான் அழித்தேன் அண்ணா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் நம்பவில்லை. கோப்புகள் போயிருக்கின்றன, ஹிஸ்டரியில் அவர் கட்டளை இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்றார்கள்.

நல்லவேளை, லாகின் ஆனது முதல் வெளியேறுவது வரை முழுத் திரையும் பதிவாகும்படி அங்கே வைத்திருந்தோம். மறுநாள் காலை அதை ஓடவிட்டுப் பார்த்தோம். தன் சொந்த ஷெல்லில் வேரியபிளுக்கு லாக் டைரக்டரியின் பாதையைக் கொடுக்கிறார், எகோ கட்டளை போட்டு அதைத் திரையில் வரவைத்துச் சரிபார்க்கிறார், சரியாகவே வருகிறது. அப்புறம் சூடோ (இன்னொரு கணக்கின் உரிமையில் வேலை செய்ய விடும் கட்டளை) மைனஸ் ஐ போட்டு டேட்டாபேஸ் கணக்குக்கு மாறுகிறார். அது புதிதாக லாகின் ஆனது போலச் சூழலைத் துடைத்துவிட்டுத் தொடங்கும், அதனால் அந்த வேரியபிள் அங்கே இல்லை. இல்லாத வேரியபிளை வைத்து சிடி அடித்தால் அது வெறும் சிடி, வெறும் சிடி என்றால் வீட்டு டைரக்டரி. அந்தக் கணக்கின் வீட்டு டைரக்டரியும் டேட்டா டைரக்டரியும் ஒன்றே.

திரையில் பார்க்கும்போது இது பளிச்சென்று தெரிகிறது. சிடி அடிப்பதற்கு முன்னால் ப்ராம்ப்ட்டில் வீட்டு டைரக்டரியைக் குறிக்கும் ~ இருக்கிறது. அடித்த பிறகும் அதே ~. பாதை மாறியிருக்க வேண்டும், மாறவில்லை. இரண்டு விநாடியில் ஆர்எம் போகிறது. உடனே "அது டைரக்டரி, அழிக்க முடியாது" என்ற பிழை வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுகின்றன. லாக் கோப்புகள் மட்டும் இருக்கும் இடத்தில் டைரக்டரி ஏது? அந்த இடத்தில் பதிவு அப்படியே நிற்கிறது, கிட்டத்தட்ட 40 விநாடி ஓர் எழுத்துகூட வரவில்லை. அவருக்கு விஷயம் புரிந்த நேரம் அது. அதைப் பார்த்த பிறகு அறையில் யாரும் அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை, பேக்கப்பை மீட்கும் வேலைக்குப் போய்விட்டோம். ப்ராம்ப்ட்டில் இருந்த அந்த ~ குறி எந்த ஹிஸ்டரியிலும் ஏறியிருக்காது. அடித்ததை மட்டும் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொல்ல முடியாது என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அந்தத் தம்பியை நினைத்துத்தான்.

கேள்வி: ஸ்கிரிப்ட் என்று ஒரு கட்டளையே யூனிக்ஸில் இருப்பதாகப் படித்தேன். அது எப்படித் திரையைப் பிடிக்கிறது?

இருக்கிறது, பழைய கட்டளை. 1979 முடிவில் வெளிவந்த 3பிஎஸ்டி யூனிக்ஸிலேயே வந்துவிட்டது. ஸ்கிரிப்ட் என்று அடித்து என்டர் தட்டினால், டைப்ஸ்கிரிப்ட் என்ற பெயரில் ஒரு கோப்பைத் திறந்துகொண்டு உங்களுக்கு ஒரு புது ஷெல்லைக் கொடுக்கும். எக்சிட் அடிக்கும்வரை திரையில் வந்ததெல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும்.

உள்ளே நடப்பது எளிது. பிடிஒய் என்று சொல்லும் போலி டெர்மினல் ஒன்றை, இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்டு வாங்குகிறது. அதற்கு இரண்டு முனைகள். ஒரு முனையில் புது ஷெல்லை உட்கார வைக்கிறது, அந்த ஷெல் தான் நிஜ டெர்மினலில் இருப்பதாகவே நினைத்து வேலை செய்யும். இன்னொரு முனை ஸ்கிரிப்ட்டின் கையில். நீங்கள் தட்டும் விசைகளை வாங்கி ஷெல்லுக்குத் தள்ளுகிறது, ஷெல் சொல்வதை வாங்கி ஒரு பிரதியைத் திரைக்கும் ஒரு பிரதியைக் கோப்புக்கும் அனுப்புகிறது. டெர்மினல் பதிவுக் கருவிகள் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் உட்கார்கின்றன, சூடோவின் பதிவும் சரி, டீலாக்கும் சரி, ஆஸ்கினெமாவும் சரி.

லினக்ஸில் இருக்கும் ஸ்கிரிப்ட்டுக்கு நேரக் கோப்பையும் எழுதச் சொல்லலாம். அதைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் இரண்டு எண்கள் இருக்கும்: 0.212345, பக்கத்தில் 14 என்பது போல. முந்தைய துணுக்குக்குப் பிறகு இத்தனை விநாடி பொறு, அப்புறம் டைப்ஸ்கிரிப்ட்டிலிருந்து இத்தனை பைட் எடுத்துத் திரையில் போடு என்று அர்த்தம். ஸ்கிரிப்ட்ரீப்ளே இதை வைத்துத்தான் அன்று நடந்ததை அதே வேகத்தில் ஓட்டிக் காட்டுகிறது. மேலே சொன்ன 40 விநாடி மௌனம் மாதிரியானவை நேரக் கோப்பு இருந்தால்தான் கிடைக்கும், ஆகவே அதை விட்டுவிடாதீர்கள். மைனஸ் எஃப் சேர்த்தால் ஒவ்வொரு துணுக்கையும் உடனுக்குடன் டிஸ்க்குக்குத் தள்ளும். சர்வர் நடுவில் செத்துப்போனால் கடைசி நிமிடம்தான் உங்களுக்கு வேண்டியிருக்கும், அதனால் இதுவும் அவசியம்.

டைப்ஸ்கிரிப்ட்டை, கோப்பை அப்படியே திரையில் கொட்டும் கேட் கட்டளை போட்டுப் பார்க்காதீர்கள். அதில் இருப்பது வெறும் எழுத்து அல்ல, திரைக்குப் போன கட்டுப்பாட்டுக் குறிகளும் சேர்ந்தது. எல்எஸ் என்பதற்கு எல்எஸ்எஸ் என்று அடித்து ஓர் எழுத்தை அழித்தால், கோப்பில் மூன்று எழுத்தும் இருக்கும், பின்னால் ஒரு பின்நகர்வு, ஓர் எஸ்கேப், ஒரு சதுர அடைப்பு, ஒரு கே. கால் மைனஸ் பி என்ற கட்டளை வழியாக விட்டால் பின்நகர்வுகள் போகும், வண்ணக் குறிகள் மிச்சமிருக்கும். சந்தேகத்துக்குரிய ஒருவரின் பதிவு என்றால் இன்னும் கவனம் வேண்டும், உங்கள் டெர்மினலையே ஆட்டி வைக்கும் குறிகளை அவர் வேண்டுமென்றே உள்ளே விட்டிருக்கலாம். வேறு வேலை எதுவும் ஓடாத தனி விண்டோவில் வைத்து ஓட்டுங்கள்.

கேள்வி: பதிவு ஓடும்போது பாஸ்வேர்ட் அடித்தால் அதுவும் பதிவாகிவிடுமா?

திரையை மட்டும் பதிவு செய்தால் ஆகாது. பாஸ்வேர்ட் கேட்கும் நிரல் முதலில் எகோவை, அதாவது அடித்ததைத் திரையில் காட்டுவதை, நிறுத்துகிறது, அதனால் நீங்கள் அடிப்பது திரைக்கு வருவதில்லை, திரைக்கு வராதது கோப்புக்கும் வராது.

விசைகளையும் பதிவு செய்தால் ஆகிவிடும், அப்பட்டமாக. லினக்ஸ் ஸ்கிரிப்ட் அடங்கிய யூடில்-லினக்ஸ் தொகுப்பின் 2.35ஆம் பதிப்பில் ஸ்கிரிப்ட்டுக்கு உள்ளீட்டைத் தனியாகப் பதியும் வசதி வந்தது, கையேட்டிலேயே பாஸ்வேர்ட் மாட்டும் என்று எச்சரித்திருக்கிறார்கள். சூடோவில் லாக்_இன்புட் போட்டாலும் இதே கதை. 1.9.10 பதிப்பு முதல் லாக்_பாஸ்வேர்ட்ஸ் என்ற அமைப்பை அணைத்து வைத்தால், பாஸ்வேர்ட் கேட்கும் வரியை அடையாளம் கண்டு அடுத்து வருவதை நட்சத்திரமாக மாற்றப் பார்க்கும். அந்த வரி வேறு மாதிரி எழுதியிருந்தால் தவறிவிடும். நான் உள்ளீட்டைப் பதிய வேண்டாம் என்றே சொல்வேன். நீங்கள் அடிப்பதில் பெரும்பகுதி திரையில் தெரியத்தான் செய்கிறது, கூடுதலாகக் கிடைப்பது கிட்டத்தட்ட பாஸ்வேர்ட் மட்டும்தான்.

ஆனால் திரைப் பதிவே சுத்தம் என்று இருந்துவிடாதீர்கள். அவசரத்தில் ஷெல் ப்ராம்ப்ட்டிலேயே பாஸ்வேர்டை அடித்து என்டர் தட்டுபவர்கள் எத்தனையோ பேர். கான்ஃபிக் கோப்பைத் திறந்து பார்த்தால் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் திரையில் வருகிறது, பதிவிலும் வருகிறது. ஆகவே பதிவுகள் இருக்கும் இடத்தை ரூட் பாஸ்வேர்டைக் காப்பது போலக் காக்க வேண்டும்.

கேள்வி: எல்லாருடைய பாஷ்ஆர்சியிலும் ஸ்கிரிப்ட் கட்டளையைச் சேர்த்தேன். சர்வர் திணறியது, எஸ்சிபி உடைந்தது. எங்கே தவறு?

தவறு இடத்தில்தான். லாகின் ஆனால், பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பு ஓடும், அது ஸ்கிரிப்ட்டைத் தொடங்கும், ஸ்கிரிப்ட் ஒரு ஷெல்லைத் தொடங்கும், அந்த ஷெல் மறுபடி பாஷ்ஆர்சியைப் படிக்கும், அது மறுபடி ஸ்கிரிப்ட்டைத் தொடங்கும். போலி டெர்மினல் தீரும்வரை இது போய்க்கொண்டே இருக்கும். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபி உடைந்ததற்குக் காரணம், அதுவும் மறுமுனையில் உங்கள் ஷெல் வழியாகத்தான் தொடங்குகிறது. கோப்பின் பைட்டுகள் வரவேண்டிய குழாயில் "ஸ்கிரிப்ட் தொடங்கியது" என்று ஒரு வரி வந்து விழுந்தால் அது குழம்பத்தான் செய்யும்.

ஒரு வேரியபிளை வைத்து, ஏற்கெனவே பதிவில் இருந்தால் தொடங்காதே, டெர்மினல் இல்லாவிட்டால் தொடங்காதே என்று நிபந்தனை போட்டு இதைச் சரிசெய்துவிடலாம். ஆனாலும் பயன் குறைவு. பாஷ்ஆர்சி அந்தப் பயனரின் சொந்தக் கோப்பு, வரியை அழித்தால் முடிந்தது. எட்சி டைரக்டரியில் எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் ப்ரொஃபைல் கோப்புக்கு மாற்றினாலும், தொலைவிலிருந்து லாகின் ஆகும் எஸ்எஸ்ஹெச் கட்டளைக்குப் பின்னாலேயே பாஷ் மைனஸ் மைனஸ் நோஆர்சி என்று சேர்த்து உள்ளே வருகிறவரை அது தொடாது.

எனக்குப் பிடித்த வழி சூடோ. எல்லாரும் அவரவர் பெயரில் லாகின் ஆகட்டும், நேரடி ரூட் லாகினை எஸ்எஸ்ஹெச்டி (எஸ்எஸ்ஹெச்சின் சர்வர் பக்கச் சேவை) அமைப்பில் மூடிவிடுங்கள், ரூட் வேண்டுமென்றால் சூடோ வழியாக வரட்டும். சூடோவின் விதிகள் இருக்கும் சூடோயர்ஸ் கோப்பில் டிஃபால்ட்ஸ் லாக்_அவுட்புட் என்று ஒரே வரி சேர்த்தால், சூடோ மைனஸ் ஐ போட்டு ரூட் ஷெல்லுக்குள் போனவரின் முழு அமர்வும் /வார்/லாக்/சூடோ-ஐஓ டைரக்டரியில் சேரும். ஒவ்வொரு அமர்வுக்கும் ஆறு எழுத்தில் ஓர் எண், 000001 என்று தொடங்கி இலக்கமும் எழுத்தும் கலந்து போகும், இரண்டிரண்டாகப் பிரித்து டைரக்டரிக்குள் டைரக்டரியாக வைத்திருக்கும். யார், எந்த டெர்மினலில், எந்த டைரக்டரியில் இருந்து, திரை எத்தனை வரி உயரம், எத்தனை எழுத்து அகலம் என்பதும் கூடவே இருக்கும். திரையின் அளவு சின்ன விஷயமாகத் தோன்றும். 200 எழுத்து அகலத்தில் ஓடிய விம்மை 80 எழுத்து அகலத்தில் ஓட்டிப் பாருங்கள், வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எதுவும் விளங்காது.

சூடோரீப்ளே மைனஸ் எல் போட்டால் பட்டியல் வரும், எண்ணைக் கொடுத்தால் ஓடும். ஓடும்போது ஸ்பேஸ் தட்டினால் நிற்கும், > தட்டினால் வேகம் இரட்டிக்கும், < தட்டினால் பாதியாகும். ஒருவர் டீ குடிக்கப் போன அரை மணி நேரத்தை நீங்களும் உட்கார்ந்து பார்க்கத் தேவையில்லை, மைனஸ் எம் 2 என்று கொடுத்தால் எந்த இடைவெளியும் 2 விநாடிக்கு மேல் போகாது. சூடோரீப்ளேயைப் பதிவிலிருந்து விலக்கி வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பதிவைப் பார்ப்பதும் இன்னொரு பதிவாகச் சேர்ந்துகொண்டே போகும். யார் எப்போது பார்த்தார்கள் என்ற சாதாரண லாக் வரி அப்போதும் விழும்.

ரூட் அல்லாத சாதாரண அமர்வுகளும் வேண்டுமென்றால் ரெட் ஹேட்டின் டீலாக் இருக்கிறது. அதன் பதிவு நிரலே லாகின் ஷெல்லின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, தனக்குள் உண்மையான ஷெல்லை ஓட்டும். தனிக் கணக்கின் உரிமையில் ஓடுவதால் பயனர் அதை கில் செய்ய முடியாது. ஜேசான் என்ற தரவு வடிவில், சர்வரின் லாக்குகள் சேரும் ஜர்னலுக்கு அனுப்பும், காக்பிட் என்ற வலை இடைமுகத்தில் வீடியோ பார்ப்பது போலப் பார்க்கலாம்.

கேள்வி: ரூட் கையில் கிடைத்த பிறகு பதிவுக் கோப்பையே அழித்துவிடலாமே?

அழித்துவிடலாம். சேட்ஆட்டர் பிளஸ் ஏ போட்டு, சேர்க்க மட்டும் முடியும் அழிக்க முடியாது என்று வைத்தாலும், ரூட் அதைக் கழற்றிவிட்டு அழிக்கும். இந்தக் கேள்விக்கு நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் சரியான விடை கண்டுபிடித்துவிட்டார்.

1986இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃப் ஸ்டால் என்ற வானியலாளர் கம்ப்யூட்டர் பிரிவில் வேலைக்கு வந்தார். கணக்கில் 75 சென்ட் உதைக்கிறது, ஏன் என்று பார் என்று கொடுத்தார்கள். தேடிப் போனால் அடையாளம் தெரியாத ஒருவர் உள்ளே வந்துபோகிறார், ஈமேக்ஸ் எடிட்டரோடு வந்த ஒரு சின்ன நிரலின் ஓட்டையைப் பயன்படுத்தி சூப்பர்யூசரும், அதாவது ரூட்டும், ஆகிறார். அந்த ஆள் நுழைந்ததும் வேறு யார் லாகின் ஆகியிருக்கிறார்கள் என்று பார்க்கிறவர். சர்வருக்குள் ஒரு கண்காணிப்பு நிரலை ஓட்டியிருந்தால் கண்டுபிடித்திருப்பார். ஸ்டால் சர்வருக்குள் எதையும் வைக்கவில்லை. ஒரு வார இறுதியில் அலுவலகம் முழுக்க டெர்மினல்களையும் பிரிண்டர்களையும் இரவல் வாங்கி, வெளியிலிருந்து வரும் 50 தொலைபேசி இணைப்புகளிலும் மாட்டினார். மறுமுனையில் இருந்தவர் தட்டிய ஒவ்வொரு விசையும், திரையில் வந்த ஒவ்வொரு வரியும் காகிதத்தில் விழுந்தது. சூப்பர்யூசரே ஆனாலும் பக்கத்து அறையில் இருக்கும் காகிதத்தை அழிக்க முடியாதே. அந்த ஆளைத் தேடிய தடம் கடைசியில் ஜெர்மனியின் ஹானோவரில் மார்க்கஸ் ஹெஸ்ஸிடம் போய் நின்றது.

இன்று காகிதத்துக்குப் பதில் இன்னொரு சர்வர். 2020இல் வந்த சூடோ 1.9இல் சூடோ_லாக்எஸ்ஆர்விடி என்ற சேவை இருக்கிறது. பதிவை உள்ளூர் டிஸ்க்கில் சேர்க்காமல், நடக்கும்போதே டிஎல்எஸ் மறையாக்கம் வழியாக 30344ஆம் போர்ட்டுக்கு அனுப்பிவிடும். ஒருவர் ரூட் ஆகி முதல் கட்டளையை அடிக்கும்போதே அது வேறு இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அந்த லாக் சர்வருக்குள் நுழையும் உரிமை, பதிவாகிறவர்கள் யாருக்கும் இருக்கக் கூடாது, உங்களுக்கும் சேர்த்துத்தான். இந்த ஒன்றைச் செய்ய முடியாவிட்டால் மற்றதெல்லாம் நல்லவர்களை மட்டுமே பதிவு செய்யும்.

கூடவே ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். லாக் சர்வர் விழுந்துவிட்டால்? சூடோ இயல்பாக, பதிய முடியாவிட்டால் கட்டளையை ஓட விடாது. இரவு இரண்டு மணிக்கு எல்லாம் கீழே கிடக்கும்போது அட்மினே உள்ளே போக முடியாமல் நிற்பார். இக்னோர்_ஐஓலாக்_எரர்ஸ் போட்டால் விடும், ஆனால் பதிவு இருக்காது. நான் இரண்டாவதாக ஒரு லாக் சர்வரையும் பட்டியலில் சேர்த்து வைத்து, இந்தத் தளர்வைக் கொடுக்காமல்தான் வைப்பேன்.

கேள்வி: எல்லாரும் மற்ற சர்வர்களுக்கு ஒரு ஜம்ப் சர்வர் (நடுவில் இருக்கும் நுழைவு சர்வர்) வழியாகத்தான் போகிறார்கள், அங்கே பதிவும் வைத்திருக்கிறோம். ஆனால் பல நாட்களாகப் பதிவுகள் வரவே இல்லை, லாகின் மட்டும் லாக்கில் தெரிகிறது.

உங்கள் ஆட்கள் எஸ்எஸ்ஹெச்சில் மைனஸ் பெரிய ஜே போட்டு, அதாவது ப்ராக்ஸிஜம்ப் வழியாகப் போகிறார்கள். அவர்கள் எதையும் மறைக்கவில்லை, அது வசதியான வழி, 2016இல் ஓபன்எஸ்எஸ்ஹெச் 7.3 வந்ததிலிருந்து எல்லாரும் அதற்குப் பழகிவிட்டார்கள். ஆனால் அதில் ஜம்ப் சர்வரில் ஷெல்லே தொடங்குவதில்லை. அது வெறும் குழாய். பயனரின் மடிக்கணினிக்கும் கடைசி சர்வருக்கும் இடையில் மறையாக்கம் செய்த பைட்டுகள் அதன் வழியாகப் போகின்றன, நடுவில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ஷெல் இல்லை, டெர்மினல் இல்லை, பதிய எதுவும் இல்லை.

ஜம்ப் சர்வரில் அலோடிசிபிஃபார்வேர்டிங் அமைப்பை நோ என்று வைத்தால் குழாய் அடைபடும், அங்கேயே லாகின் ஆகி அங்கிருந்து அடுத்ததற்குப் போக வேண்டிவரும், பதிவும் கிடைக்கும். ஆனால் அப்போது அவர்களுடைய எஸ்எஸ்ஹெச் சாவியை ஜம்ப் சர்வரில் வைப்பார்கள், அல்லது சாவியைக் கையாளும் ஏஜென்ட்டை முன்னனுப்புவார்கள். அந்த ஜம்ப் சர்வரை ஒருவர் பிடித்துவிட்டால் எல்லாருடைய சாவியும் அவர் கையில். இதைவிட, கடைசி சர்வர்களிலேயே பதிந்து வெளியே அனுப்புவது மேல். இல்லையென்றால் டெலிபோர்ட் போல, எஸ்எஸ்ஹெச் இணைப்பைத் தானே நடுவில் முடித்து மறுபடி தொடங்கிப் பதிவும் செய்யும் கருவிகளைப் பாருங்கள்.

கேள்வி: லினக்ஸின் தணிக்கைச் சேவையான ஆடிட்டி ஓடுகிறது, எக்ஸெக்விஇ (ஒரு நிரலை ஓட்டும் கெர்னல் அழைப்பு) எல்லாம் பதிகிறது. போதாதா?

இரண்டும் வேறு வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன. ஒருவர் இணையத்திலிருந்து ஒரு நிறுவல் நிரலை இறக்கி அப்படியே ஷெல்லுக்குள் விட்டால், திரைப் பதிவில் ஒரு வரி தெரியும். அந்த ஒரு வரிக்குள்ளிருந்து கிளம்பிய 300 கட்டளைகளை ஆடிட்டிதான் சொல்லும். மாறாக, விம்மில் ஒரு கோப்பைத் திறந்து எந்த எண்ணை எதுவாக மாற்றினார் என்று கேட்டால் ஆடிட்டிக்குத் தெரிவது விம் ஓடியது என்பது மட்டும்தான். வெளியேறிய பிறகும் ஓடும்படி நோஹப் போட்டுவிட்டுப் போன வேலை, குறித்த நேரத்தில் ஓடும்படி க்ரானில் ஏற்றிவிட்ட வேலை, இவை எல்லாம் டெர்மினலுக்கு வெளியே நடப்பவை, திரைப் பதிவில் இருக்காது.

ஆடிட்டியின் பெரிய பலம் லாகின்யூஐடி. ஒருவர் லாகின் ஆகும்போது ஒட்டிக்கொள்ளும் அந்த எண், அவர் சூ போட்டாலும் சூடோ போட்டாலும் கூடவே வரும், அதனால் ரூட்டாகச் செய்தது எந்த மனிதர் என்று சொல்லிவிடலாம். எல்லாரும் ஒரே ரூட் பாஸ்வேர்டில் நேரடியாக லாகின் ஆனால் அந்தப் பலமும் போய்விடும். இரண்டையும் வையுங்கள், சர்வர்களின் கடிகாரத்தை, நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபியில் சரியாக வையுங்கள். நேரம் ஒத்துப்போனால்தான் ஒன்றை இன்னொன்றோடு பொருத்திப் பார்க்க முடியும்.

கேள்வி: டிஸ்க் நிரம்பிவிடாதா? எவ்வளவு நாள் வைக்க வேண்டும்?

எழுத்துதானே, சுருக்கினால் மிகச் சிறியதாகிவிடும், சூடோ தானாகவே சுருக்கித்தான் வைக்கிறது. பயப்பட வேண்டியது திரையைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் டாப் கட்டளையை இரவெல்லாம் ஓடவிட்டுப் போகிறவரையும், பெரிய லாக் கோப்பைத் திரையில் கொட்டுகிறவரையும்தான். பதிவுக்குத் தனிப் பார்ட்டிஷன் கொடுங்கள். கார்டு பணப் பரிமாற்றத்துக்கான பிசிஐ டிஎஸ்எஸ் விதிகள் தணிக்கை லாக்குகளை 12 மாதம் வைக்கச் சொல்கின்றன, அதில் கடைசி 3 மாதம் உடனே எடுத்துப் பார்க்கும் நிலையில் இருக்க வேண்டும். அந்த விதி உங்களுக்கு இல்லையென்றால் இவ்வளவு வேண்டாம், தேவைக்கு மேல் வைத்திருக்கும் ஒவ்வொரு பதிவும் திருடுபோகக் கூடிய ஒன்று.

கேள்வி: நான் பத்து வருஷமாக அட்மின். போன மாதம் முதல் எங்கள் டெர்மினலைப் பதிகிறார்கள் என்று தற்செயலாகத்தான் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் ஒருவர் நிற்பது போல இருக்கிறது அண்ணா. இதை எதிர்க்கலாமா?

பதிவை எதிர்க்காதீர்கள், சொல்லாமல் செய்ததை எதிர்த்துக் கேளுங்கள். உங்கள் வருத்தம் நியாயம்தான். சொல்லாமல் பதிவது நம்பிக்கையை உடைக்கும், அதோடு வேலையும் கெடும். பயத்தில் இருப்பவர் சின்னத் தவறை மறைப்பார், மறைத்தது பெரிதாகும். டீலாக்கை நிறுவினால் ஒவ்வொரு லாகினிலும் "கவனம், உங்கள் அமர்வு பதிவாகிறது" என்ற பொருளில் ஓர் அறிவிப்பு அதிலேயே வரும், அதை வேலை மெனக்கெட்டு நீக்கினால்தான் போகும். அந்த அறிவிப்பைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அப்புறம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். பதிவை யார் பார்க்கலாம், எந்தக் காரணத்துக்குப் பார்க்கலாம் என்று. பார்ப்பவரின் பெயரும் நேரமும் லாக்கில் விழ வேண்டும் என்று. உங்கள் மேல் ஒரு கேள்வி வந்தால் பதிவை நீங்களும் உடன் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று. கடைசியாகச் சொன்னதை விட்டுக்கொடுக்காதீர்கள். நான் முதலில் சொன்ன தம்பி அன்று காலை எங்களோடு அந்த அறையில்தான் இருந்தார், திரை ஓடும்போது அந்த ~ குறியை முதலில் விரல் வைத்துக் காட்டியதே அவர்தான்.